வட கரேலியாவின் வெண்ணெயும் மறதி நோயும்

மறதி நோயின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக 1906இல், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் தொடங்குவார்கள். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் தன்னிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் பார்த்ததைச் சொன்ன கூட்டம் அங்கேதான் நடந்தது. ஆனால் "சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் மாற்றினால் மறதியைத் தள்ளிப்போட முடியுமா?" என்ற கேள்விக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது மாரடைப்பில். இடம், பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில் ரஷ்ய எல்லையை ஒட்டிய வட கரேலியா.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்தான் பிழைப்பு. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு வயது ஏற ஏற, "இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் ஞாபகசக்தி திரும்பி வருமாமே, சேர்த்துவிடலாமா?" என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்ததன் குறிப்புகள்தான் இவை.

மாரடைப்புக்காக எடுத்த கணக்கு

1960களில், மாரடைப்பால் ஆண்கள் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் வட கரேலியாவும் ஒன்று. மரம் வெட்டுபவர்களும் மாடு வளர்க்கும் சிறு விவசாயிகளும் நிறைந்த பகுதி. ரொட்டியில் கெட்டியாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், தாராளமாக உப்பு, கையில் சிகரெட். நாற்பது, ஐம்பது வயதிலேயே ஆண்கள் செத்து விழுந்தார்கள். பொறுக்க முடியாமல் 1971 ஜனவரியில் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகள் அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் வட கரேலியா திட்டம் தொடங்கியது. அதை நடத்த வந்த பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கிராமத்துப் பெண்கள் சங்கங்களைப் பிடித்து, பழைய சமையலையே கொழுப்பையும் உப்பையும் குறைத்துச் செய்து காட்டினார்கள். சிகரெட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். நாற்பது ஆண்டுகளில், வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களிடையே மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இந்தக் கதை பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதன் பக்கத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு வேலை.

திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க 1972, 1977, 1982, 1987 என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வட கரேலியாவிலும் பக்கத்து குவோபியோவிலும் ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைப்பழக்கம் எல்லாம் குறித்துவைத்தார்கள். மறதி நோய் அன்று யார் மனதிலும் இல்லை.

1998: பழைய கோப்பைத் திறந்தவர்கள்

1998இல் ஆய்வாளர்கள் அந்தப் பழைய பட்டியல்களிலிருந்து, அப்போது 65 முதல் 79 வயதில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். 1,449 பேர் வந்தார்கள். சராசரியாக 21 வருடம் கழித்து, அவர்களுடைய நினைவாற்றலைச் சோதித்தார்கள்.

இதன் மதிப்பு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். சர்வர் விழுந்த பிறகு "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். விழுவதற்கு முன்பே எழுதிய லாக் மட்டும்தான் பொய் சொல்லாது. 75 வயதில் மறதியோடு இருப்பவரிடம் போய் "ஐம்பது வயதில் உங்கள் பிரஷர் எவ்வளவு?" என்று கேட்க முடியுமா? இங்கே அது 20 வருடத்துக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. யாருக்குப் பின்னால் மறதி வரும் என்று தெரியாமலே எழுதப்பட்டது.

மீயா கிவிபெல்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் முடிவை வெளியிட்டார்கள். நடுவயதில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் அல்சைமர் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே. இரண்டும் சேர்ந்தால் மூன்றரை மடங்கு. இதயத்தைக் கெடுத்ததுதான் மூளையையும் கெடுத்திருக்கிறது. அதுவும் அறிகுறி தலைகாட்டுவதற்கு இருபது வருடம் முன்பே.

ஃபிங்கர் ஆய்வு

தொடர்பு தெரிந்தது. அதற்காக, பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டு என்று ஆகிவிடாது. அதைச் சோதிக்க வந்ததுதான் ஃபிங்கர் ஆய்வு. 60 முதல் 77 வயதுக்குள், மறதிக்கான ஆபத்து அதிகமுள்ள, ஆனால் நோய் வராத 1,260 பேர். குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, ஜிம்மில் பயிற்சி, கணினியில் மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றைத் தொடர்ந்து கண்காணிப்பது எல்லாம் சேர்த்து. மறுபாதிக்கு வழக்கமான உடல்நல அறிவுரை மட்டும். இரண்டு வருடம்.

2015இல் முடிவு வந்தபோது "25 சதவீதம் அதிக முன்னேற்றம்" என்று செய்திகள் சொன்னன. உண்மைதான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். மொத்த மதிப்பெண் முதல் குழுவில் 0.20 கூடியது. வெறும் அறிவுரை கேட்ட குழுவிலும் 0.16 கூடியது. 25 சதவீதம் என்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். திட்டமிடும் திறனிலும் சிந்தனை வேகத்திலும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நினைவாற்றலின் மொத்த மதிப்பெண்ணில் தெரியவில்லை.

ஒன்றும் செய்யாதவர்களுக்கு ஏன் கூடியது? ஒரே மாதிரித் தேர்வை இரண்டாம், மூன்றாம் முறை எழுதினால் யாருக்கும் கொஞ்சம் கை பழகும். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் வீட்டிலும் நாலு நல்ல பழக்கம் வரும். ஆய்வில் சேர முன்வருபவர்களே அக்கறையுள்ளவர்களாகவும் இருப்பார்கள்.

இந்த 0.16ஐ மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள்.

36 ஓட்டைக் கூரை

2014இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டேல் பிரெடிசன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்ன உவமை அழகானது. அல்சைமர் என்பது 36 ஓட்டை உள்ள கூரை. ஒரு மருந்து ஒரு ஓட்டையைத்தான் அடைக்கும், மழை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ரத்தம், ஹார்மோன், மரபணு எல்லாம் பரிசோதித்து, அவரவர் கூரையில் உள்ள ஓட்டைகளைத் தனித்தனியாக அடைக்க வேண்டும். இப்படி 10 பேருக்குச் செய்ததில் 9 பேருக்கு முன்னேற்றம் என்றார். 2017இல் வந்த புத்தகம் அமோகமாக விற்றது.

கருத்தில் பழுதில்லை. ஆனால் அந்த 10 பேரோடு ஒப்பிட இன்னொரு 10 பேர் இல்லை. பின்னால் 25 பேரை வைத்து நடத்திய சோதனையிலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. 2020இல் ஜோன்னா ஹெல்முத் என்ற நரம்பியல் மருத்துவர் லான்செட் நியூராலஜி இதழில் இந்தக் குறையைத்தான் முன்வைத்தார். ஃபிங்கரில் அந்த மறுபாதி இல்லாமல் போயிருந்தால், 0.20 முழுவதையும் திட்டத்தின் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். உண்மையான பங்கு 0.04தான்.

தனிநபருக்கு ஏற்ற மருத்துவம் வெற்றுப் பேச்சு என்று சொல்ல வரவில்லை. ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் என்பது 1993இல் தெரிந்தது. "எனக்கு ஜீனே சரியில்லை, இனி என்ன செய்து என்ன" என்று கைவிடுபவர்கள் உண்டு. ஆனால் அந்த ஜீன் உள்ளவர்களுக்கும் ஃபிங்கர் முறை பலன் தந்ததாக 2018இல் வந்த பகுப்பாய்வு காட்டியது. ஆளுக்கு ஆள் பரிசோதித்துத் தெரிந்துகொண்டதில் இது ஆறுதலான செய்தி.

இன்று எங்கே நிற்கிறோம்

எல்லா ஆய்வும் ஜெயிக்கவில்லை. நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2016, 2017இல் கையை விரித்துவிட்டன. அமெரிக்காவில் 2,111 பேரை வைத்து நடந்த பாயிண்டர் ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. அங்கே இரண்டு குழுவுமே நல்ல பழக்கத்துக்கு மாறின. ஒன்றுக்கு அடிக்கடி கூட்டம், கறாரான கண்காணிப்பு. மற்றதற்கு "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எப்போதாவது ஒரு கூட்டம். இரண்டு குழுவும் முன்னேறின. கறாரான குழு ஒரு சிறு அளவு அதிகமாக முன்னேறியது, அவ்வளவுதான்.

ஆக, சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. போன ஞாபகத்தை முழுதாகத் திருப்பித் தருவேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால், "இந்தத் திட்டத்தில் சேராதவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அவர்களோடு ஒப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். பெரியவர்களின் நடைப்பயிற்சி, பிரஷர் மாத்திரை, நாலு பேரோடு பேச்சு, இவற்றை விடவேண்டாம். பலன் சிறியதுதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்த்துக் கிடைத்தது.

இதெல்லாம் பெரியவர்களைப் பற்றிய கேள்வி என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் கரேலியாவின் கோப்பில் இருந்த எண்கள் எழுபது வயதுக்காரர்களுடையவை அல்ல. கேட்கிற சொந்தக்காரர்களின் வயது, என் வயது. அதனால் இப்போதெல்லாம் அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அப்பாவை விடுங்க, நீங்க கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க?"