சோற்றைக் குறைத்தும் சர்க்கரை குறையவில்லையா? காரணம் தட்டில் அல்ல, கல்லீரலில் இருக்கலாம்!

ஹைதராபாத்: இரவு உணவில் சோறு இல்லை, சப்பாத்தியும் இல்லை. இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் காய்கறியும் மட்டுமே. ஆனால், மறுநாள் காலை வெறும் வயிற்றில் பரிசோதித்தால் சர்க்கரை அளவு 140 மில்லிகிராம் என்று காட்டுகிறது. மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் நீரிழிவு நோயாளிகள் பலரைக் குழப்பும் நிலை இது. இதனால் மனம் தளர்ந்து சிலர் உணவை மேலும் குறைக்கின்றனர். வேறு சிலர் உணவுக் கட்டுப்பாட்டையே கைவிடுகின்றனர். இரண்டுமே தவறு. ஏனெனில், காலை நேரச் சர்க்கரையின் பெரும்பகுதி முந்தைய இரவு உண்ட உணவிலிருந்து வருவதில்லை.

கல்லீரலின் இரவுப் பணி: ஆரோக்கியமான ஒருவரின் மொத்த இரத்தத்திலும் உள்ள குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். மூளை இரவிலும் குளுக்கோஸைச் செலவிட்டுக்கொண்டே இருப்பதால், உணவு வராத நேரத்தில் கல்லீரல் அதை ஈடுசெய்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்கு சுமார் 7 கிராம் குளுக்கோஸை இரத்தத்தில் சேர்க்கிறது. எட்டு மணி நேர உறக்கத்தில் இது 50 கிராமைத் தாண்டிவிடும். கல்லீரல் முதலில் தன்னிடம் சேமித்துள்ள கிளைகோஜனைப் பயன்படுத்தும். அது குறையும்போது புரதத்தின் அமினோ அமிலங்கள், கொழுப்பிலிருந்து கிடைக்கும் கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கும். ஆகவே, மாவுச்சத்தே உண்ணாதவரின் உடலிலும் சர்க்கரை உற்பத்தி நிற்பதில்லை.

இந்த உற்பத்தியை அளவோடு வைத்திருப்பது இன்சுலின். கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோதும், கணையம் போதிய இன்சுலினைச் சுரக்காதபோதும் உற்பத்தி தேவைக்கு மேல் செல்கிறது. அதிகாலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை உயர்வதும் சர்க்கரையை ஏற்றுகிறது. பெரும்பாலும் அதிகாலை 3 மணி முதல் 8 மணிக்குள் நிகழும் இவ்வுயர்வை மருத்துவர்கள் 'விடியற்கால விளைவு' என்பர். தூக்கமின்மை, மன அழுத்தம், நோய்த்தொற்று, ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை.

ஐ.டி. ஊழியர்கள் ஆய்வு: கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் இந்தக் கட்டுப்பாடு மேலும் தளர்கிறது. ஹைதராபாத்துக்கு இது மிக நெருக்கமான சிக்கல். ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏ.ஐ.ஜி. மருத்துவமனை மருத்துவர்களுடன் இணைந்து நகரின் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரிடம் ஆய்வு நடத்தினர். 2025-ஆம் ஆண்டு 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களில் 84 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தது. நீண்ட நேரம் அமர்ந்திருத்தல், ஷிஃப்ட் முறை வேலை, தூக்கக் குறைவு, மன அழுத்தம் ஆகியவை இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன.

ஒல்லியாக இருப்பதும் முழுப் பாதுகாப்பல்ல. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடலையே எடுத்துக்காட்டாக வெளியிட்டனர். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3தான். ஆனால் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம்.

குறைத்தது உண்மையில் குறைந்ததா?: சோற்றை நிறுத்தியவர் அதே பசிக்கு நான்கு சோள ரொட்டி உண்டால், மாவுச்சத்தின் அளவு பெரிதாக மாறாது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுவதாக 2025-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு தெரிவித்தது. மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாக முழு கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது மட்டும் நீரிழிவு ஆபத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் சேர்த்தால் ஆபத்து குறைவதாகவும் அது கண்டறிந்தது. ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும் தானியங்களின் பங்கு மொத்த ஆற்றலில் 45 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்கிறது.

பரிசோதனையும் சில நேரம் ஏமாற்றும். பல நாட்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தவரின் தசைகள் குளுக்கோஸைப் பயன்படுத்துவதைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ளும். அந்நிலையில் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துச் செய்யும் பரிசோதனையில் அளவு உண்மைக்கு மீறி உயரலாம். இதனால்தான் அப்பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையும் இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையில் கூடுதலாகக் காட்டக்கூடும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில், இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல.

மாத்திரை உண்பவர்களின் கவனத்துக்கு: உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவர்கள் இவர்களே. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ பயன்படுத்துவோர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், சர்க்கரை அபாய அளவுக்குத் தாழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள். காப்புரிமை முடிந்து விலை குறைந்ததால் இப்போது இவற்றை உண்போர் அதிகம். இவற்றுடன் கடும் மாவுச்சத்துக் கட்டுப்பாடும் சேர்ந்தால், இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகி அமிலத்தன்மை ஏறும் ஆபத்து உண்டு. அப்போது குளுக்கோமீட்டர் பெரிய உயர்வு எதையும் காட்டாமல் போகலாம் என்பதே இதில் அச்சத்துக்குரியது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், காரணமற்ற கடும் சோர்வு ஆகியவை தோன்றினால், சர்க்கரை அளவு இயல்பாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, உண்ணும் மாத்திரையின் பெயரைக் கூறிக் கீட்டோன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.