லண்டன் படிப்பும் மேலவாசல் மாட்டுவண்டியும்

நானும் மேல்படிப்புக்கு ரெண்டு வருஷம் வெளிநாடு போய்விட்டு குடவாசல் திரும்பியவன்தான். "அங்க என்னடா பாத்தே?" என்று அப்பா கேட்டார். நான் மார்க்கைச் சொன்னேன்!

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருந்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாளிலேயே அலுத்துப்போய்ப் பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சேர்ந்தது யூனிவர்சிடி காலேஜில். ஆனால் வகுப்பைவிட, ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்ததுதான் அவரை மாற்றியது என்பேன். அங்கே தொழிலாளி, பெண்கள், குழந்தைகள் எல்லோரும் சகஜமாக உள்ளே வந்தார்கள். ஒரு கடையில் மெக்கானோ பொம்மை பார்த்தார். அதே பட்டை, அதே நட்டு போல்ட். மாற்றி மாட்டினால் வேறு உருவம். (மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு வித்து அதுதான்.

1925இல் திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை முயற்சியில் உருவான மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். கிராமத்தானைத் தேடிப் புத்தகம் போனது. லண்டனில் பார்த்ததற்கு நம்ம ஊர் உருவம்!

1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கும் அவர்தான் பாடுபட்டார். போன தடவை அப்பாவோடு வீட்டு வரி கட்டப் போனபோது, ரசீதில் 'நூலக வரி' என்றிருந்ததைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார்.