காதைப் பாருங்க: ரோம் இடிபாடுகளும் அங்க வாழும் பூனைகளும்

1/ உடைஞ்ச கல்தூண். அதுமேல சொந்த வீடு மாதிரி படுத்திருக்கிற ஒரு பூனை. ரோம் போயிட்டு வர்றவங்க வாங்கிட்டு வர்ற ஓவிய அச்சுகள், காலண்டர்கள்ல இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. அழகுதான். ஆனா அந்தப் பூனை அங்க நிம்மதியா படுத்திருக்கிறது தானா நடந்த விஷயம் இல்ல. அதுக்குப் பின்னாடி பல வருஷ வேலை இருக்கு. அந்தக் கதைதான் இந்த இழை.

2/ இடத்தோட பேர் லார்கோ தி தோரே அர்ஜெந்தினா. ரோம் நகரின் நடுவுல, பஸ்ஸும் டிராமும் ஓடுற சாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம். 1920-களில் அங்கிருந்த பழைய கட்டடங்களை இடிச்சப்போ, அடியில ரோமக் குடியரசுக் காலத்து நாலு கோயில்கள் தெரிஞ்சது. 1929-ல் முசோலினி ஆட்சியில் அந்த இடத்தைத் திறந்து வெச்சாங்க.

3/ அங்கேயே இன்னொரு கட்டடத்தின் மிச்சமும் இருக்கு. போம்பெயுஸ் என்ற தளபதி கட்டிய சபை மண்டபம். கி.மு. 44 மார்ச் 15 அன்னைக்கு ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்னது அந்த மண்டபத்துலதான்.

உடம்பைப் பரிசோதிச்ச மருத்துவர் அந்திஸ்தியுஸ். மொத்தம் 23 காயம், அதுல மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டும்தான் உயிரை எடுத்ததுன்னு அவர் சொன்னதா சுவெதோனியுஸ் எழுதி வெச்சிருக்கார். பதிவான மிகப் பழைய பிரேதப் பரிசோதனைகளில் ஒன்னுன்னு இதைச் சொல்வாங்க.

4/ சரி, பூனை எப்படி வந்துச்சு? தெரு மட்டத்துக்கு நல்லா கீழ இருக்கிற பள்ளம். வண்டி வராது, வெயில்ல கல்லு கதகதன்னு இருக்கும். சோறு போட பூனைக்காரம்மாக்களும் இருந்தாங்க; இத்தாலியில் அவங்களுக்கு ‘கத்தாரே’ன்னே பேர். பக்கத்து நாடக அரங்கில் நடிச்ச புகழ்பெற்ற நடிகை அன்னா மன்யானிகூட இங்க பூனைகளுக்குச் சாப்பாடு போட்டவங்கதான்.

5/ ஆனா சோறு மட்டும் போட்டா என்ன ஆகும்? பூனைக்கு கர்ப்பகாலம் சுமார் 2 மாசம்தான். பிறந்த குட்டி ஆறு மாசத்துலயே சினைக்கு வந்துடும். கூட்டம் பெருகும், நோய் பரவும், குட்டிகள் சாகும். அதனால 1990-களில் தன்னார்வலர்கள் அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கி, பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷனும் தடுப்பூசியும் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

6/ சட்டமும் கைகொடுத்துச்சு. இத்தாலியின் 1991-ஆம் வருஷத்து 281-ஆம் எண் சட்டப்படி, சுதந்திரமாத் திரியும் பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது. அரசு பொதுச் சுகாதாரத் துறையே கருத்தடை பண்ணி, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும். இதுல முக்கியமான சொல் ‘திரும்ப’. பூனையை மொத்தமா அள்ளிட்டுப் போனாலும் இடமும் தீனியும் அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாள்ல கருத்தடை ஆகாத புதுப் பூனைகள் வந்து சேரும்.

7/ எல்லாம் சுமுகமா போகல. 2012-ல் தொல்லியல் அதிகாரிகள் காப்பகத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க. இவ்வளவு பழமையான இடத்துல கொட்டகை கூடாதுங்கிறது அவங்க வாதம், அதுலயும் நியாயம் இருக்கு. மக்கள் எதிர்ப்பு கிளம்புச்சு, காப்பகம் தப்பிச்சுது. 2023 ஜூன்ல சுற்றுலாப் பயணிகள் கீழே நடந்து பார்க்க நடைபாதை திறந்தாங்க. பூனைகளும் அங்கேயேதான் இருக்கு.

8/ இப்படிக் கருத்தடை முடிஞ்ச தெருப்பூனைக்குக் காது நுனியில சின்னதா ஒரு வெட்டு இருக்கும். ஆபரேஷன் மயக்கத்துல இருக்கும்போதே போடுற அடையாளம். மறுபடி பிடிச்சு வயித்தைக் கிழிக்கக் கூடாதுல்ல!

9/ நம்ம ஊர்லயும் கருத்தடை ஆன தெருநாய் காதுல இதே மாதிரி வெட்டு உண்டு. ஆனா ஒன்னு: வெட்டு இருக்கேன்னு கடியை அலட்சியம் பண்ணாதீங்க. அப்போ போட்ட தடுப்பூசி ஆயுசுக்கும் காப்பாத்தாது. நாயோ பூனையோ கடிச்சாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி தடுப்பூசி இலவசம்.