நாற்பது ஒட்டகக் கணக்கு

போன வாரம், பிற்காலத்தில் சவூதி மன்னரான அப்துல் அஜீஸையும் அவர் ஆட்களையும் ரியாத்துக்கு வெளியே பேரீச்சந்தோப்பு இருட்டில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். அந்த ஊரின் மஸ்மக் கோட்டைக் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் இந்த வாரப் பேச்சு. அதற்கு முன் ஒரு கேள்வி. நாடிழந்து, அடுத்தவன் ஊரில் அகதியாக வளர்ந்த ஓர் இளைஞனுக்கு ஒட்டகம் கொடுத்தது யார்? துப்பாக்கி கொடுத்தது யார்? என்ன லாபத்துக்குக் கொடுத்தார்?

அவர் பெயர் முபாரக் அல் சபா. குவைத்தின் ஷேக். அவர் ஊர்க்காரர்கள் ‘மகா முபாரக்’ என்பார்கள். குவைத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வெள்ளிக்கிழமை சுற்றப்போகும் முபாரக்கியா சூக் அவர் பெயரைத் தாங்கியதுதான். ஹாயிலின் ரஷீத் குடும்பத்துக்கும் ரியாத்தின் சவூத் குடும்பத்துக்கும் இடையே நடந்த இந்த நீண்ட சண்டையில் என்னைப் பிடித்து நிறுத்துகிற மனிதர் அவர்தான். நல்லவர் என்பதால் அல்ல.

1892இல் குவைத்தின் ஷேக் இறந்ததும் ஆட்சி அவருடைய சகோதரர் முகமதுவுக்குப் போனது. இன்னொரு சகோதரர் ஜர்ராஹ் கஜானாவைப் பார்த்துக்கொண்டார். முபாரக்குக்குக் கிடைத்தது பாலைவனம். பதூயின் குலங்களோடு பேசுவது, வழிப்பறிக்காரர்களை விரட்டுவது, தேவைப்பட்டால் படை நடத்துவது என்று வெயிலில் காய்கிற வேலை முழுவதும் அவருக்கு. குலத்தலைவர்களை வளைக்கப் பணம் வேண்டும். கஜானா சாவியோ ஜர்ராஹிடம். கேட்கும்போதெல்லாம் கை விரித்தார்கள். முகமதுவின் காதருகே யூசுப் அல் இப்ராஹிம் என்ற பெரும் செல்வந்தர் உட்கார்ந்திருந்தார். பஸ்ரா பக்கம் பேரீச்சந்தோப்புகள், பம்பாயில் வியாபாரம். முபாரக்குக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பார்கள் நம் ஊரில். முகமதுவுக்குத் தம்பியேதான் படையாக வந்தார். 1896 மே 17ஆம் தேதி இரவு முபாரக் தன் மகன்களோடும் சில ஆட்களோடும் வீடு புகுந்தார். விடிவதற்குள் முகமதுவும் உயிரோடு இல்லை, ஜர்ராஹும் இல்லை. காலையில் ஷேக்கின் இருக்கையில் முபாரக் இருந்தார். ஊர் வாய் திறக்கவில்லை.

கொலை கொலைதான். ‘அரசியலில் இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லி நழுவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சகோதர ரத்தத்தில் கை நனைத்த எத்தனையோ பேர் அடுத்த சில வருடங்களில் காணாமல் போனார்கள். இவரோ 1915இல் தன் இயற்கைச் சாவு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

யூசுப் அல் இப்ராஹிம் சும்மா இருக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக ஒட்டோமான் அதிகாரிகளிடம் வழக்காடினார், கடல் வழியாகப் படையெடுத்துப் பார்த்தார், கடைசியில் ஹாயில் அமீர் இப்னு ரஷீதிடம் போனார். முபாரக் என்ன செய்தார்? முதலில் அதே ஒட்டோமான்களிடம் பணிந்து 1897இல் காயிம்மக்காம் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அதாவது சுல்தானின் அதிகாரி. பாரசீக வளைகுடாவுக்கான பிரிட்டிஷ் ரெசிடென்ட் மீட், புஷையரிலிருந்து குவைத்துக்கு வந்து 1899 ஜனவரி 23ஆம் தேதி ரகசிய ஒப்பந்தம் போட்டபோது, அதிலும் கையெழுத்துப் போட்டார். பிரிட்டனைக் கேட்காமல் எந்த அந்நிய நாட்டின் பிரதிநிதியையும் சேர்ப்பதில்லை, ஒரு சாண் நிலத்தையும் விற்பதில்லை, குத்தகைக்கு விடுவதில்லை. இதற்குக் கைமாறு 15,000 ரூபாய். நம் இந்திய ரூபாய்தான். அன்றைய வளைகுடாவில் செல்லுபடியான காசு அதுதான். சுல்தானின் பட்டம் ஒரு தோளில், கல்கத்தாவிலிருந்து ஆண்ட கர்சன் பிரபுவின் பாதுகாப்பு மறு தோளில். அடுத்த ஆண்டு, பாக்தாத் ரயில் பாதையைக் குவைத் விரிகுடாவரை இழுக்கும் திட்டத்தோடு ஜெர்மானியர்கள் வந்தார்கள். உபசாரம் குறைவில்லாமல் நடந்தது. நிலம் மட்டும் கிடைக்கவில்லை.

இந்த மனிதரின் மஜ்லிஸில், அதாவது தர்பாரில்தான், நம் கதாநாயகன் வளர்ந்தான். ரஷீதுகள் வென்ற முலைதா போருக்குப் பிறகு அல் சவூத் குடும்பம் ரப் அல் காலி பாலைவன ஓரத்தில் முர்ரா குலத்தாரோடு அலைந்து, கடைசியில் குவைத்தில் ஒதுங்கியதை முன்பே பார்த்தோம். தகப்பனார் அப்துர் ரஹ்மான் தொழுகையும் ஒட்டோமான்கள் தந்த மாதப்படியுமாகக் காலம் தள்ளினார். மகன் அப்துல் அஜீஸ் முபாரக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். துருக்கி அதிகாரி வருவதையும் ஆங்கிலேயன் வருவதையும், இருவருக்கும் முபாரக் வெவ்வேறு முகம் காட்டுவதையும் பார்த்தான். பிற்காலத்தில் பிரிட்டிஷ்காரர்களோடும் எண்ணெய்க் கம்பெனிகளோடும் பேரம் பேசிய சவூதி மன்னருக்குப் பள்ளிக்கூடம் அந்த மஜ்லிஸ்தான்.

ஹாயிலில் இருந்த இப்னு ரஷீத் இதற்கு நேர் எதிர். அவர் பெயரும் அப்துல் அஜீஸ்தான். வீரர், சந்தேகமில்லை, ஆனால் வாளைத் தவிர வேறு மொழி தெரியாது. அவருடைய சித்தப்பா முகமது இப்னு ரஷீத் ஊர்களை அடக்கிய பிறகு அணைத்துக்கொள்ளவும் தெரிந்தவர். 1897இல் அவர் இறந்ததும் நடு அரேபியாவின் நஜ்து முழுவதும் இந்தப் போர்வெறியரின் கையில் வந்தது. ரியாத்தில் அவருடைய நிர்வாகம் என்றால் அஜ்லான் என்ற ஓர் ஆளுநர், ஒரு கோட்டை, அதற்குள் காவல்படை. வேறு எதுவும் கிடையாது. ராணுவத்தை மட்டும் நம்பி ஆள்கிறவனுக்கு ஊருக்குள் நண்பன் இருக்க மாட்டான். ஆபத்து வரும் இரவில் எச்சரிக்க ஒரு நாய்கூடக் குரைக்காது.

முபாரக்கும் சறுக்கினார். 1901இல் பெரும்படை திரட்டி, அல் சவூத் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, இப்னு ரஷீதின் நிலத்துக்குள்ளேயே போய் அடிக்கப் பார்த்தார். மார்ச் 17ஆம் தேதி கசீம் பகுதியில் சரீஃப் என்ற இடத்தில் படை சிதறியது. குவைத் வீடுகளில் ஒப்பாரி. முபாரக்குக்குத் துணை போன ஊர்களை இப்னு ரஷீத் பழிதீர்த்த விதம் நஜ்து மக்கள் மனத்தில் ஆறாத காயமானது. அந்தப் போரில் இப்னு ரஷீத் ஜெயித்தார். ஆட்சியை இழக்கத் தொடங்கியதும் அங்கேதான் என்பேன்.

அதே சமயம் அப்துல் அஜீஸ் ஒரு சிறு படையோடு தனியே ரியாத்துக்குப் போயிருந்தான். ஊருக்குள் நுழைந்தும்விட்டான். மஸ்மக்கைத்தான் பிடிக்க முடியவில்லை. தடித்த மண்சுவர், நாலு மூலையிலும் கோபுரம். வெளியே முற்றுகை போட்டபடி இருந்தவனுக்கு சரீஃப் செய்தி வந்தது. திரும்பிவிட்டான். தோல்விதான். ஆனால் மஸ்மக்கை வெளியிலிருந்து இடிக்க முடியாது, கதவு தானாகத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

அந்தக் கோடையில் முபாரக்குக்குக் கழுத்துவரை நெருக்கடி. ஒட்டோமான் போர்க்கப்பல் சுஹாஃப் குவைத்துக்கு வந்தது. பெர்சியஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் குறுக்கே நின்று துருப்புகளை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. 15,000 ரூபாய் ஒப்பந்தம் வேலை செய்தது. ஆனால் ஆங்கிலேயனின் பீரங்கி கடலில்தான் பேசும். பாலைவனப் பக்கமாக வருகிற இப்னு ரஷீதை யார் தடுப்பது?

முபாரக் கணக்குப் போட்டார். நாற்பது ஒட்டகம், கொஞ்சம் துப்பாக்கி, கைச்செலவுக்குக் காசு. பையன் ஜெயித்தால் இப்னு ரஷீதின் முதுகுக்குப் பின்னால் தீ பிடிக்கும். அவர் குவைத்தை விட்டுவிட்டு அங்கே ஓட வேண்டும். பையன் செத்தால் நஷ்டம் நாற்பது ஒட்டகம். வளைகுடா வரலாற்றில் இவ்வளவு மலிவாக ஒரு ராஜ்ஜியத்துக்கு யாரும் முதல் போட்டதில்லை. பாசமும் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். கணக்குதான் முன்னே நடந்தது.

இப்போது கதவுக்கு வருவோம். வழியில் சேர்ந்த கூட்டம் கொள்ளை கிடைக்காததால் கலைந்தது; மிஞ்சியவர்கள் சுமார் 60 பேர். ரமலானில் யப்ரீன் சோலையில் மறைந்திருந்து, அங்கிருந்து கிளம்பி, வழியில் பெருநாளைக் கழித்து, ஒரு பகுதியைத் தோப்பில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் ரியாத் சுவரைத் தாண்டினார்கள். அஜ்லான் பாதுகாப்புக்காக இரவில் கோட்டைக்குள் தூங்கி, காலையில் எதிரே இருந்த மனைவியின் வீட்டுக்கு வருகிற வழக்கமுள்ளவர். அந்த வீட்டில்தான் இரவெல்லாம் காத்திருந்தார்கள். 1902 ஜனவரி 15ஆம் தேதி விடியற்காலை. அஜ்லான் வெளியே வந்தார், பாய்ந்தார்கள். அவர் பெரிய கதவில் இருந்த திட்டிவாசலுக்குள் புகுந்து தப்பப் பார்த்தபோது அப்துல் அஜீஸ் காலைப் பிடித்து இழுத்தார். உறவினர் ஒருவர் எறிந்த ஈட்டி குறி தவறிக் கதவில் பாய்ந்தது. அதன் முனை இன்றும் அங்கேயே இருக்கிறது, ரியாத்தின் பத்தா பகுதியிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். இன்னோர் உறவினரான அப்துல்லா பின் ஜிலுவி உள்ளே துரத்திப்போய் அஜ்லானை முடித்தார். காவல்படை சரணடைந்தது. ஊர் சந்தோஷமாகக் கதவு திறந்தது.

ஈட்டி எறிந்தவர்களைச் சரித்திரம் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். எனக்கோ குவைத்தில் உட்கார்ந்தபடி செய்திக்குக் காத்திருந்த கிழவர்தான் அந்தக் காலையின் முதல் வெற்றியாளர். குவைத் அரசியல் சாசனத்தின் 4ஆம் விதி, ஆட்சி முபாரக்கின் வாரிசுகளுக்கே என்கிறது. கொல்லப்பட்ட முகமதுவின் வாரிசுகளுக்கு அங்கே இடமில்லை.

கோட்டை விழுந்ததே தவிர, இப்னு ரஷீத் இன்னும் விழவில்லை. அதற்கு நாலு வருடமும் ஒட்டோமான் பீரங்கிகளும் பாக்கி. அப்துல் அஜீஸ் முதல் காரியமாக ரியாத்தின் சுவரைப் பழுதுபார்க்கச் சொன்னார். குவைத்தில் இருந்த தகப்பனாரை வரவழைத்தார். ஹாயிலிலிருந்து பதிலடி எப்படி வந்தது, ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)