எண்ணிக்கை சொல்லாத வேறுபாடு: இரண்டு அம்புப்புழு இனங்களை அடையாளம் காணல்

1930-31 வாக்கில் ஆங்கிலக் கால்வாயில், பிளிமத் நகருக்கு அப்பாலுள்ள கடலில், மிதவை உயிரிகளான அம்புப்புழுக்களின் இனம் மாறியது. அதுவரை மிகுதியாகக் கிடைத்த சஜிட்டா எலிகன்ஸ் அருகி, சஜிட்டா செட்டோசா அந்த இடத்தைப் பிடித்தது. நீரில் பாஸ்பேட்டும் மீன்குஞ்சுகளும் குறைந்த காலமும் அதுவே. எலிகன்ஸ் மேற்கிலிருந்து வரும் வளமான கலப்பு நீரையும், செட்டோசா கால்வாயின் சொந்த நீரையும் சுட்டுகின்றன என்று கடல் உயிரியலாளர் எஃப். எஸ். ரஸ்ஸல் 1930களில் நிறுவினார். இரண்டையும் ஒரே பெயரில் எண்ணியிருந்தால் இந்த மாற்றம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆகவே இவ்விரண்டையும் எந்தப் பண்பைக் கொண்டு பிரிக்கிறோம் என்பது முக்கியமான கேள்வி.

இன விவரிப்புகளில் பெரும்பாலும் உடல் நீளம், வால் பகுதியின் விழுக்காடு, தலையின் கொக்கிமுட்கள், பற்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை அட்டவணையாக இடம்பெறும். இவற்றை முதன்மைப் பண்புகளாகக் கொள்வது தவறு என்பது என் வாதம். பற்களும் முட்களும் வயதுக்கேற்ப மாறுபவை. வலையில் உராய்ந்து முட்கள் உதிர்வதும் உண்டு. பக்கத்துக்கு எட்டு அல்லது ஒன்பது முட்கள் இவ்விரண்டு இனங்களிலுமே காணப்படும். நீளமும் நம்பத்தக்கதல்ல: முதிர்ந்த எலிகன்ஸ் செட்டோசாவைவிடப் பெரிதுதான், ஆனால் இளம் எலிகன்ஸ் அதே அளவில் இருக்கும்.

மாறாக, உடலைப் பாருங்கள். பார்மலினில் இட்டதும் எலிகன்ஸ் வெண்மை படர்ந்து ஒளி புகாததாகிறது. செட்டோசா கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கிறது. இது பதப்படுத்தலால் நேர்ந்த விபத்து, உடலமைப்பின் பண்பன்று என்ற மறுப்பு எழலாம். ஆனால் ஒரே புட்டியில், ஒரே கரைசலில் கிடக்கும் இரண்டு இனங்கள் வெவ்வேறாக மாறுகின்றன என்றால் அந்த வேறுபாடு உடலிலேயே இருக்க வேண்டும். எனினும் அதை மட்டும் நம்பலாகாது. நெடுநாள் பார்மலினில் இருந்த மாதிரிகள் மங்கிவிடும். உறுதி செய்வது குடல். எலிகன்ஸில் கழுத்துக்குப் பின்னால் குடலின் முன்முனையில் இரு பக்கப்பைகள் உண்டு. செட்டோசாவில் அவை இல்லை. ஒளி புகாத உடலில் பைகளைக் காண்பது கடினமாகையால் சாயமேற்றிப் பார்ப்பது நல்லது.

விந்துப்பையின் வடிவமும், துடுப்புகளை ஒட்டி அது அமைந்த இடமும் வலுவான சான்றுகள். ஆனால் அவை முதிர்ந்த உயிரியில் மட்டுமே முழுமையாகத் தெரியும். விந்து வெளியேறியதும் பை சிதைந்துவிடும். அம்புப்புழுக்கள் இருபால் உயிரிகள். ஆண் உறுப்புகள் முதலில் முதிர்கின்றன. எனவே முதிர்ச்சி நிலையைக் குறிப்பிடாத விவரிப்பு அரைகுறையானது.

பழைய பெயர்களும் இங்கே உதவுவதில்லை. 1847இல் யோகானஸ் முல்லர் இட்ட செட்டோசா என்ற பெயர் விறைப்பான மயிர்கள் உடையது என்று பொருள்படும். அத்தகைய உணர்மயிர்கள் அம்புப்புழுக்கள் அனைத்துக்கும் பொது. எலிகன்ஸ் என்று 1873இல் வெரில் இட்ட பெயரோ அழகை மட்டுமே சொல்கிறது. 1965இல் டோக்கியோகா பழைய சஜிட்டாவைப் பல பேரினங்களாகப் பகுத்தார். இன்று இரண்டும் பாராசஜிட்டா என்றே பெரிதும் வழங்குகின்றன.

சில மில்லிமீட்டரே உள்ள குஞ்சுகளில் பக்கப்பை தெரியாதபோது, அவற்றைப் பக்கத்தில் மிகுதியாக இருக்கும் இனத்தோடு சேர்த்து எண்ணுவது வழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும். எது மிகுதி என்பதே இங்குக் கண்டறிய வேண்டிய உண்மை. அக்குஞ்சுகளைப் பேரினப் பெயரோடு நிறுத்தி, தனி நிரலில் எண்ணி வைப்பதே முறை.