பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூடு (1970)

பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூடு என்பது, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் மீது 1970 ஜூன் 19 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டைக் குறிக்கும். இதில் மூன்று உழவர்கள் உயிரிழந்தனர். திருப்பூருக்கு வடக்கே உள்ள பெருமாநல்லூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் இன்று அமைந்துள்ளது.

பின்னணி

ஆற்றுப் பாசனம் எட்டாத கொங்குச் சிற்றூர்களில் கிணறுதான் வேளாண்மைக்கு ஆதாரம். மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளில் படிப்படியாக மின்மோட்டார்கள் வந்தன. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் செலவாகும். நாள்தோறும் பல மணி நேரம் நீர் இறைப்பவருக்கு, பைசாக் கணக்கிலான உயர்வும் பெருஞ்சுமையே. இந்தக் குறையை முன்வைத்து நாராயணசாமி நாயுடு உழவர்களைத் திரட்டினார்.

சுட்டது சரியா?

1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் நடந்த தடியடியில் காயமுற்ற குமரன் மறுநாள் இறந்தார். அன்று இருந்தது அந்நிய ஆட்சி. 1970இல் இருந்ததோ மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. ஆகவே சட்டப்படி இது சரியா என்ற கேள்வி இங்கு இன்னும் கூர்மையாகிறது.

அப்போது நடைமுறையில் இருந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, கூட்டத்தைக் கலைந்து செல்லுமாறு உத்தரவிட நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பாளருக்கும் அதிகாரம் அளித்தது. மக்கள் கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்த 128ஆம் பிரிவு அனுமதித்தது. ஆனால் 'பலம்' என்பது உடனே 'துப்பாக்கி' என்று ஆகிவிடாது. தற்காப்பிலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு.

காவலர்களும் மனிதர்களே, பெருங்கூட்டத்தின் நடுவே நொடியில் முடிவெடுக்க வேண்டியவர்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு. எனினும் கூட்டம் சினந்திருந்தது என்பது மட்டும் போதிய விடை ஆகாது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? கண்ணீர்ப்புகை, தடியடி போன்ற வேறு வழிகள் தீர்ந்துவிட்டனவா? சுடப்பட்டவரால் அந்த நொடியில் யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்ததா? ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியே இக்கேள்விகளுக்கு விடை வேண்டும். உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று 1990இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஹவானா மாநாடு வகுத்த கோட்பாடுகளும் கூறுகின்றன.

2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோதும் இதே கேள்விகள் எழுந்தன. அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறை வரம்பு மீறியது என்று முடிவு செய்தது.

பின்விளைவுகள்

பெருமாநல்லூரோடு போராட்டம் ஓயவில்லை. 1972இல் உழவர்கள் கோவை நகரை மாட்டு வண்டிகளால் நிறைத்தனர். அவ்வாண்டும் தமிழகத்தில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். 1970இல் முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதியே, பின்னர் மீண்டும் ஆட்சிக்கு வந்து, 1990இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வழங்கினார். கோரிக்கை நியாயமானது என்பதற்கு அது சான்று. ஆனால் சுட்டது சரியா என்பது வேறு கேள்வி. கோரிக்கை தவறானதாக இருந்திருந்தாலும் அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.

பெருமாநல்லூரில் உயிர் நீத்த உழவர்களுக்கு நினைவுத்தூண் உள்ளது. ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று உழவர் அமைப்புகள் அங்கு அஞ்சலி செலுத்துகின்றன.