வயல்வழி வாகனமும் பின்கதவும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நெல்வயல்களைச் சார்ந்து வாழும் வந்தாறுமூலைப் பகுதியில், மாரியில் சேறாகும் வயல்வழிகளில் ஓடும் வாகனத்தின் பின்புறமே நெல்மூட்டையும் பசளையும் ஏறியிறங்கும் வாயில் என்பதால், அதன் கதவமைப்பு சுமப்போரின் உழைப்பைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. இரண்டாம் உலகப் போருக்கென உருவான வில்லிஸ் ஜீப்பில் பின்கதவே இல்லை. அசையாத பின்தகட்டில் மாற்றுச் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. 1945இல் உழவர்களையும் கருதி வெளியான சிஜே-2ஏ ஜீப், அச்சில்லைப் பக்கவாட்டுக்கு மாற்றி, கதவு திரும்புவதற்குரிய இரும்பு இணைப்பாகிய பிணைச்சலைக் கீழ்விளிம்பில் கொண்டு, கீழ்நோக்கி மடியும் கதவைப் பெற்றது. 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரும் இவ்வகைக் கதவையே கொண்டிருந்தது. பின்னர், பயணிகளுக்கான மூடிய வாகனங்களில் பக்கவாட்டில் திறக்கும் கதவு வந்து, அதன்மீதே மாற்றுச் சில்லும் தொங்கியபோது, குண்டும் குழியுமான பாதைகளில் பிணைச்சல்கள் தளர்ந்து கதவுத் தகடும் வெடித்தது. ஆகவே, வாகன உடலோடு பிணைந்த தனி இரும்புக் கையொன்றில் சில்லைத் தாங்கவைத்து, கனத்தைக் கதவிலிருந்து பிரிக்கும் மாற்றம் பரவியது. 1986இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இவ்வூரில், இத்தகைய பட்டறை அறிவும் வரலாறாகப் பதிவுபெற வேண்டும்.